எதிரணியின் கோல்

என் ராடிம்,

டாவோஸ் ஐஸ் ஹாக்கி அரையிறுதியை டிவியில் பார்த்தேன். முகக்கவசத்தில் அந்தக் கனமான பக் வட்டு மோதியும் எழுந்துவிட்டாய். ஆனால் இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறியதை மறந்து, பழைய கோலுக்கே போய் நின்றாய்.

“நம்ம கீப்பர் அவங்களுக்கும் சேர்த்துக் காவல் காக்கறாரு!” என்றார் வர்ணனையாளர். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் டிவிக்கு அருகில் போய் உன்னையே பார்த்தேன்.

அப்புறம் போனில், “பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டாளா?” என்று கேட்டாய். கிறிஸ்துமஸுக்குக் கார்ப் மீன் வறுக்கும்போது உன்னை நோக்கித்தானே முதல் அடி வைத்தாள்!

“வெறும் தலைவலிடி. டாக்டர்கிட்ட சொல்லிடாத, நாளைக்கு ஃபைனல்.”

சொல்லிவிட்டேன். நாளை உன்னை இறக்க மாட்டார்கள்.

ரசிகர் பஸ்ஸில் வரும் அப்பாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் போன் செய்து என்னைத் திட்டு. பெயர் சொல்லித் திட்டு. அது உனக்கு ஞாபகமிருந்தால் போதும்.

உன் மனைவி