ஒன்றிலிருந்து எண்ணுவது

சில்க்போர்க்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஜெனுஷனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவருடைய காவலில் நீ சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம். அப்பாவின் முழங்கால் நோ அப்படியேதான் இருக்கிறது. டொக்டரிடம் போகச் சொன்னால் காருக்கு டயர் மாற்றப் போகிறார். மார்ச் பிறந்தும் ஏரிப்பக்கம் குளிர் விடவில்லை.

தொலைபேசி இருக்க எழுதுவானேன் என்று சிரிப்பாய். தொலைபேசியில் நீ டேனிஷுக்குத் தாவிவிடுகிறாய். அந்த மொழியில் உன்னோடு வாதாட எனக்கு வாய் வராது. சனிக்கிழமைதோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் பலன். எழுத்துக்கூட்டியாவது வாசி. இங்கே தபால்பெட்டிகளையும் கழற்றிவிட்டார்கள். தங்கச்சி வினோதா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

முதியோர் இல்லத்தில் நான் பராமரித்த ஒருவர் செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். உண்மைப் பெயரை எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. ஸ்ரிபன் என்று வைத்துக்கொள். தொண்ணூற்றொரு வயது. படுக்கையில் அவரைத் திருப்ப இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். அதற்காக நான் டேனிஷில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுவேன். சின்ன வயதில் நீ சோபாவிலிருந்து குதிக்கும்போது அப்படித்தான் எண்ணுவாய். அது எனக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்று என்றதும் அவர் முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு உடம்பை இறுக்கிவிடுவார். ஒத்துழைக்க மறுக்கிறார் என்று ஐந்து மாதமாகக் குறிப்பில் எழுதிவந்தேன்.

ஜனவரியில் அவரைப் பார்க்க வந்த அவருடைய தம்பி மகள் யூலியானாதான் காரணத்தைச் சொன்னாள். இளம் வயதில் அவர் அமெரிக்கா போய், பாலைவனத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த இடத்தில் வேலை செய்தாராம். குண்டை அவர் தொட்டதே இல்லை. நேரக் கருவிதான் அவர் பொறுப்பு. வெடிக்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஒரு சமிக்ஞை, ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒன்று, கடைசி விநாடியில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சில கமராக்கள் இயங்கத் தொடங்கும். ஒலிபெருக்கியில் எண்ணுவதும் அவர்தான். ஒருநாள் காற்று ஊர்ப்பக்கம் திரும்பியது. நிறுத்தும் பொத்தான் அவர் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. மேலிடம் சொல்லவில்லை, அவரும் அழுத்தவில்லை. கதிர்வீச்சுத் தூசி போய் விழுந்த அந்த ஊரில் அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். பிள்ளை ஏழு வயதில் இரத்தப் புற்றுநோயில் போய்விட்டது. அதனால்தான் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மனைவி கேட்டபோதெல்லாம், நான் நேரம்தான் சொன்னேன் என்பாராம்.

போன மாதம் நீயும் அதைத்தானே சொன்னாய். "அம்மா, நான் குண்டு செய்யேல்லை. மணிக்கூடுதான் செய்யிறன்." சோதனைகள் திரும்பத் தொடங்கினால் அந்தக் கருவி தேவைப்படும், அவ்வளவுதான் என்றாய். உனக்கு அமெரிக்காவில் பெரிய வேலை என்று தேவாலயத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தவள் நான். என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்டேனா? என் மீதுதான் எனக்குக் கோபம்.

ஜனவரிக்குப் பிறகு அவரைத் திருப்பும்போது தமிழில், ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணினேன். அவருக்கு விளங்காது, ஆனால் கண்ணை மூடவில்லை. உடம்பும் இளகிக் கொடுத்தது. என் குறிப்புகளை நினைத்து நான் கழிவறைக்குள் நின்று அழுதேன்.

செவ்வாய் காலை அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னும் நிறுத்த முடியுமா என்று கேட்டார். நிறுத்தியாயிற்று என்று சொன்னேன். பிடி தளர்ந்தது. பத்து மணிக்குப் போய்விட்டார். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொய் நான் யாருக்கும் சொன்னதில்லை.

மகன், வேலையை நிரந்தரமாக்க வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கிறாய் என்று வினோதா சொன்னாள். நீ கெட்டிக்காரன், உனக்கு வேறு வேலை கிடைக்கும். கிடைக்கும்வரை உன் அறை அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கு முன் என்னோடு கதை. டேனிஷில் கதைத்தாலும் பரவாயில்லை. உனக்குத் தொண்ணூறு வயதாகி, நீ ஒருத்தியின் கையைப் பிடித்து அதே கேள்வியைக் கேட்கும்போது பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன்.

நீ தூரப் பயணம் போகும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவேனே, இன்றைக்கும் வரைகிறேன். இந்த முறை உன் இரண்டு கைகளிலும்.

உன் அம்மா,
றோசலின்