அம்மனை வலப்பக்கம் வைத்ததில் வந்த வினை

நாகர்கோவில்
3-5-1953

அன்பு மகன் கிருஷ்ணமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மையும் பசுவும் கன்றும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், இலங்கை மலைக் குளிரில் நீயும் அப்படியே இருக்கவேண்டும். ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்து லாரியை வேகமாக ஓட்டியதற்கு லைசென்சில் குற்றம் பதிந்துவிட்டார்கள் என்று நீ எழுதியதும், நான் நாலு பக்கம் ஏசி எழுதினேனே, பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியும் என் லைசென்சில் ஒரு கீறல் இல்லை, நீ ஒரே வருஷத்தில் மானத்தை வாங்கினாய் என்று. இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காமல் படி. போன மாதம் என் லைசென்சிலும் பதிந்துவிட்டார்கள்.

அஞ்சுகிராமத்துக்கு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகிறேன், முன்னால் நடுரோட்டில் அம்மன் சப்பரம் மெல்லப் போகிறது. வலது பக்கமாகத்தான் முந்தவேண்டும் என்பது சட்டம். அப்படிப் போனால் அம்மன் எனக்கு இடப்பக்கம் வந்துவிடுவாளே, சாமியை வலப்பக்கம் வைத்துத்தானே சுற்றிப் பழக்கம். ஆகவே பக்தியோடு பஸ்ஸை இடது ஓரத்தில் விட்டேன், உள்ளே இருந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த ஓரத்தில் நம் ஊர்ப் பொன்னுலிங்கம் வாழைக்குலை சுமந்து நடந்துபோனதை அம்மன் பார்த்திருப்பாள், நான் பார்க்கவில்லை. அவன் குலையோடு வயலில் குதித்து முழங்கால் சேற்றில் நின்றான். அடி ஒன்றும் இல்லை, ஆனால் அவன் வாயிலிருந்து வந்ததை எழுத முடியாது. சப்பரத்துக்குக் காவல் வந்த போலீஸ்காரர் பஸ் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் ஏன் அப்படிப் போனீர் என்று கேட்டார். நான் காரணத்தைச் சொன்னதும் கோர்ட்டே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், "அம்மனுக்கு எடம் விட்டீரு, சரி. மனுஷனுக்கு எங்க ஓய் விட்டீரு?" என்றார். அபராதம் போட்டு, லைசென்சிலும் எழுதிக் கையெழுத்திட்டார். மூன்று வருஷம் வேறு குற்றம் இல்லாமல் ஓட்டினால் சுத்தமான லைசென்ஸ் கேட்டு வாங்கலாமாம், அதற்குள் இன்னொன்று பதிந்தால் கொஞ்ச காலத்துக்கு வண்டியே ஓட்ட விடமாட்டார்களாம், கோர்ட்டுக் குமாஸ்தா சொன்னார். அதிலிருந்து மாட்டுவண்டி எல்லாம் என்னை முந்திக்கொண்டு போகிறது. உன் ஊர்ச் சட்டம் எப்படி என்று நீயும் விசாரித்து வைத்துக்கொள். உன் அம்மை மூன்று நாள் சிரித்துவிட்டு, "நீங்க அவனுக்கு எழுதுன காயிதத்த திருப்பி வாங்கி ஒருக்கா வாசிச்சுப் பாருங்க" என்கிறாள்.

வாசிக்கவேண்டியதில்லை மக்கா, ஒவ்வொரு வரியும் ஞாபகம் இருக்கிறது. அந்த நாலு பக்கத்தில் ஓர் இடத்திலும் நீ ஏன் வேகமாகப் போனாய் என்று நான் கேட்கவில்லை. முன்பின் தெரியாத மாஜிஸ்ட்ரேட் கூட என்னை ஏன் என்று கேட்டார். பெற்ற தகப்பன் கேட்காமல் விட்டேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. மலை இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாதே, கியரைக் குறைத்து ஓட்டு. என்னை ஏசி எழுதினாலும் சரி, எழுது. அன்றைக்கு ஏன் மக்கா அவ்வளவு வேகமாகப் போனாய்?

இப்படிக்கு, பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அப்பா சுயம்புலிங்கம்