ஒப்புக்கு ஒரு குரல்

மார்ச் 4, 2011

சாவி கைக்கு வந்துவிட்டது. பல் மருத்துவர் ஒருவர் காலி செய்துவிட்டுப் போன இரண்டு அறைகளும் ஒரு எக்ஸ்ரே அறையும். சாய்வு நாற்காலியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார் மனுஷன், அசையவே மாட்டேன் என்கிறது. "இருக்கட்டும். உனக்கு எழுத வராத அன்னிக்கு இதுல படுக்கவெச்சுப் பிடுங்கிக்கறேன்" என்றான் கோடு. நான் எழுத, அவன் வரைய. கல்லூரியிலிருந்தே அவனுக்கு அந்தப் பெயர்தான், ஆளும் அப்படித்தான் இருப்பான்.

பெரியவர்களுக்கான கார்ட்டூன் தொடர் எடுக்கப்போகிறோம் என்றதும் கட்டடக்காரரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அசிங்கமா எதுவும் இருக்காதே?" இல்லைங்க, குடும்பக் கதைதான். வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

மார்ச் 19

சேனல்காரர் சம்மதித்துவிட்டார். "பொம்மைப் படம்னா பிள்ளைங்கதானே பாக்கும்" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பத்து மணிக்குமேல் ஒளிபரப்பு. பிள்ளைகள் தூங்கிவிடும், பார்ப்போம்.

ஏப்ரல் 2

கதையில் ஆள் போதவில்லை. கணவன், மனைவி, வாயாடி மகள். மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சண்டை போட்டால் யார் பார்ப்பார்கள்? வீட்டில் தண்டச்சோறு ஒருவன் வேண்டும்.

மனைவியின் தம்பி. ஸ்டோர் ரூமில் பாய் விரித்துப் படுக்கிறவன். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பி, பஸ் நிலையத்தில் பொழுதைக் கழித்துவிட்டுச் சாயங்காலம் களைத்துப் போனவன்போல் வருகிறவன். பெயர்கூட வேண்டாம். ஸ்டோர் ரூம் மச்சான்.

நான் இதை எழுதும்போது அடுத்த அறையில் என் தம்பி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். பிரஷ் சத்தம் கேட்டது. போன வருடம் அவன் வேலை போனதை மறைத்த கதையைக் கேட்டு அம்மா அழுதது நினைவிருந்தது. எழுதிய தாளைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. நன்றாக வந்திருந்தது.

ஜூன் 10

எங்கள் தொழிலில் குரல்தான் முதலில். பேச்சைப் பதிந்துகொண்டு, அதைக் கேட்டுக் கேட்டு வாயை வரைய வேண்டும். நடிகர் வராத நாளில் வேலை நிற்கக் கூடாது என்பதால் கையில் கிடைத்தவரைப் படிக்கவைத்துப் பதிவோம். பிறகு நடிகர் வந்து பேசியதும் இதைத் தூக்கிப் போட்டுவிடுவோம். இதற்கு நாங்கள் வைத்த பெயர் ஒப்புக்குக் குரல்.

மச்சானுக்குப் பேச வேண்டிய நாடக நடிகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. தம்பியை இழுத்துக்கொண்டு போனேன்.

"நான் எதுக்குக்கா?"

"சும்மா ஒப்புக்குடா. ஒருத்தர் காதுலயும் விழாது."

எக்ஸ்ரே அறையில் நிற்கவைத்து, மச்சானின் வசனங்களை மட்டும் துண்டு துண்டாக, முன்பின்னாகக் கொடுத்தேன். அப்படித்தான் பதிவது வழக்கம். முழுக் கதையைக் கேட்டான். "அதெல்லாம் எதுக்கு உனக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பேசுவதற்கு முன் ஒரு மூச்சு இழுப்பான். "அது வந்து..." என்பான். முப்பது வயதிலும் வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் உடைந்து மேலே ஏறும். பள்ளிக்கூடத்தில் இதற்காக அழுதிருக்கிறான். கோடு ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

ஆகஸ்ட் 22

நாடக நடிகர் வந்து பேசினார். அருமையான குரல். ஆனால் மச்சானின் முகத்தில் ஒட்டவில்லை. கோடு அந்த மூச்சு இழுப்புக்குத் தோளைத் தூக்கி வரைந்திருக்கிறான், குரல் உடைகிற இடத்தில் புருவம் ஏறுகிறது. நடிகர் பேசினால் அந்த முகம் சும்மா வலிப்பு வந்ததுபோல் துடிக்கிறது.

எல்லாம் சேர்த்துத் திரும்ப வரைய நேரமில்லை. "உன் தம்பி குரலையே விட்டுடலாம்" என்றான் கோடு. நான் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தேன். யோசிக்கவெல்லாம் இல்லை.

ஆகஸ்ட் 23

தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 16

நேற்று முதல் எபிசோடு வந்தது. அம்மா, நான், அவன், மூவரும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று சொல்லாமலே டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் வாயைத் திறந்ததும் அம்மா, "டேய், நீயாடா!" என்று பூரித்துப் போனாள். அவனும் சிரித்தான். பிறகு மச்சான் ஷூவைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தம்பிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். எங்கள் தட்டுகளையும் கழுவினான்.

"நல்லா இருக்குக்கா" என்றான். கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஜனவரி 8, 2012

ஊரே "அது வந்து... பாத்துக்கலாம்" என்கிறது. வங்கியில் வரிசையில் நிற்கிறவன் சொல்கிறான், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சொல்கிறான். பல் ஆஸ்பத்திரி என்று எல்லோரும் கேலி செய்த இடத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில். வருகிற போனை எடுத்து, பதறுகிறவர்களைப் பேசவைத்து, வண்டி அனுப்ப வேண்டும். "இன்டர்வியூல நான் பேச ஆரம்பிச்சதும் சிரிச்சுட்டாங்கக்கா. எல்லாரும் என்கூட போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அப்புறம்தான் கேள்வியே கேட்டாங்க." சொல்லும்போது ஷூவின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 14

அடுத்த சீசன். தம்பியைக் கேட்டேன்.

"உங்க இடத்துல இப்ப எத்தனை பேர் வேலை பாக்கறாங்க?"

"இருவது பேருக்கு மேல."

"சரி, வரேன்."

அந்த இருபது பேரை நான் கேடயமாகப் பிடித்தேன் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பிப்ரவரி 11, 2013

எப்படி எழுதுவது.

ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்திருக்கிறார். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். தம்பி எடுத்தான். "அது வந்து... பதறாதீங்க, எந்தத் தெரு?" என்றிருக்கிறான். அந்த மனிதர், யாரோ மச்சான் குரலில் விளையாடுகிறார்கள் என்று நினைத்து, கண்டபடி திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டார். தெரு பெயர் தெரியாது. தம்பி திரும்ப அடித்திருக்கிறான், அந்தக் குரலைக் கேட்டதும் மறுபடி வைத்துவிட்டார். பக்கத்து மேசைப் பெண் போன் அடித்துப் பேசி வண்டி போய்ச் சேர்வதற்குள் பெரியவர் போய்விட்டார்.

சீக்கிரம் போயிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாதாம். மேலதிகாரி நல்ல மாதிரி. "உன் மேல தப்பே இல்லப்பா. ஆனா இனிமே போன் பக்கம் வேண்டாம்" என்றிருக்கிறார். வண்டிகளுக்கு டயர், டீசல் பார்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அவன் மேல தப்பில்லன்னா யார் மேல? என்னோட வாய்தானே, ஒருத்தர் காதுலயும் விழாதுன்னு சொன்னது.

மார்ச் 3

தம்பி பேசுவதில்லை. என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும். அம்மா என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி செஞ்ச அவனை? உப்பு வேணும்னாக்கூட எந்திரிச்சு வந்து தானே எடுத்துக்கறான். வாயத் திறந்து கேக்க மாட்டேங்கறான்டி."

உப்பு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன்.

மார்ச் 20

மச்சான் பேசாத ஒரு எபிசோடு எழுதியிருக்கிறேன். உப்பு வேண்டும், கேட்க மாட்டான், வீடே தவிக்கிறது. கோடு படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இதுதான்டி நீ எழுதினதுலயே பெஸ்ட்."

அவனுடைய மௌனத்தையும் விட்டுவைக்கவில்லை நான். சீ.

அக்டோபர் 26

அந்த எபிசோடுக்கு விருது. கேடயத்தோடு வீட்டுக்கு வந்தால் தம்பியின் அறை காலி. வேலைக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டானாம். எனக்கு ஒரு வரி குறுஞ்செய்தி: இனி மச்சானுக்கு என்னால் பேச முடியாது, மன்னித்துக்கொள்.

மன்னிக்க வேண்டுமாம். நான்.

ஜூன் 5, 2014

அம்மா அவனைப் பார்க்கப் போய்விட்டுப் பார்க்காமலே திரும்பி வந்திருக்கிறாள். "அவன் இல்ல போல. உள்ள வேற யாரோ சத்தமா பேப்பர் படிச்சிட்டிருந்தாங்க. தட்டாம வந்துட்டேன்."

ஆகஸ்ட் 12

குரல் இல்லாமல் சீசனை ஓட்ட முடியுமா? முடியும் என்றார் ஒலிப்பதிவாளர். பழைய பதிவுகளிலிருந்து சொல் சொல்லாக வெட்டி, ஒட்டி, புதிய வசனம் செய்துவிடலாமாம். இரண்டு எபிசோடு அப்படியே செய்து அனுப்பிவிட்டோம். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கென்ன, வாய் இருந்தால்தானே.

செப்டம்பர் 2

இன்றைய வசனம் மச்சான் தன் அக்காவிடம் சொல்வது. நான் எழுதியதுதான். ஒட்டி முடித்ததும் கேட்கக் கூப்பிட்டார் ஒலிப்பதிவாளர். ஹெட்போனை மாட்டினேன். மூச்சு இழுப்பு. "அது வந்து... எனக்கு உன் மேல வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

என் தம்பியின் குரல். எங்கே உடைய வேண்டுமோ அங்கே உடைந்தது. அவன் சொல்லவே சொல்லாத வார்த்தை. அவன் தரமாட்டான்னு நானே வெட்டி ஒட்டி எடுத்துக்கிட்டேன், மன்னிப்பை.

திரும்பப் போடச் சொன்னேன். இன்னொரு தடவை. அப்புறம்தான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. அழிக்கச் சொன்னேன். "எதை மேடம்? இந்த வரியையா?" அவன் குரல் இருக்கிற பதிவுகள் எல்லாவற்றையும், என்றேன்.

செப்டம்பர் 4

கோடுடன் பெரிய சண்டை. "மச்சான் இல்லாம யாருடி பாப்பாங்க? உன் மனசாட்சிக்கு இத்தனை பேர் நடுத்தெருவுல நிக்கணுமா?" அவன் கேட்டது நியாயம்தான். ஒருத்தனுக்குச் செய்த பாவத்தைக் கழுவ இருபது பேரின் தலையில் கல்லைப் போடுகிறேன். தெரிந்தும், கடைசி எபிசோடை எழுதிவிட்டேன். மச்சான் ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். பஸ் நிலையத்தில் உட்காரவில்லை, பஸ்ஸில் ஏறிவிடுகிறான். ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 30, 2015

சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். மச்சான் போனதும் பார்க்கிறவர்களும் போய்விட்டார்கள். சேனல்காரர் தொடரை நிறுத்திவிட்டார். கோடு அந்தச் சாய்வு நாற்காலியில் கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். நாற்காலி அங்கேயே இருக்கிறது.

ஜூலை 9, 2016

தண்ணீர்ப் பம்பு கம்பெனிக்குக் கையேடு எழுதுகிறேன். ஒருவரும் சிரிப்பதில்லை. நல்ல வேலை. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான், நான் கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து. சந்தித்துக்கொண்டால் தலையசைப்பான்.

நவம்பர் 21, 2017

காலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். தலையில் ரத்தம். நான் ஆம்புலன்சுக்கு அடித்தேன். என்ன உளறினேனோ தெரியாது.

எடுத்தவரின் குரல் தாழ்ந்து, நிதானமாக இருந்தது. "நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மூச்சு வருதா? நல்லது. தூக்காதீங்க. சுத்தமான துணியை மடிச்சு அழுத்திப் பிடிங்க. நான் லைன்லயே இருக்கேன்." நான் அழுதால் அழுகையை நிறுத்தவைத்தார், பேச்சை நிறுத்தினால் பேசவைத்தார். வண்டி வாசலுக்கு வரும்வரை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகவரியை அவர் கேட்கவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை, நாலு தையல், இடுப்பு எலும்பு தப்பித்தது. மத்தியானம் வார்டுக்குத் தம்பி வந்தான், கழுத்தில் கட்டுப்பாட்டு அறையின் அட்டை. "துணியை நல்லாத்தான் அழுத்திப் பிடிச்சிருக்க" என்றான். காலையில் கேட்ட அதே குரல்.

"நீயா?"

"வருஷக்கணக்கா பேப்பர் படிச்சுப் பழகினேன். ரெண்டு மாசமாத்தான் திரும்பவும் போன்ல உக்கார விட்டிருக்காங்க."

"நான்தான்னு சொல்லியிருக்கலாமேடா?"

"சொல்லியிருந்தா நீ அம்மாவை விட்டுட்டு என்கிட்ட அழுதிருப்ப." அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டான். "நிஜமாவே உனக்குத் தெரியலையாக்கா?"

"தெரியலடா."

"உனக்கே தெரியலையா? அப்ப சரி."

வார்டு டி.வி.யில் பழைய எபிசோடு ஓடிக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, "அது வந்து..." என்றான் மச்சான். கட்டிலுக்குக் கட்டில் சிரிப்பு. அந்தக் குரல் இனி அதில் மட்டும்தான் இருக்கிறது, எப்போது போட்டாலும் சிரிப்பார்கள். தம்பி எழுந்து, சிரித்துக்கொண்டிருந்த நர்சிடம் போய், குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அவள் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே கையைக் காட்டினாள். அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.