லண்டனுக்கு அனுப்பிய சிக்கர்

அன்பு மகள் லுப்னாவுக்கு, அம்மாவின் சலாம். அல்லாஹ்வின் கருணையால் இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கடிதத்தில் கேட்பது வழக்கம்தான், ஆனால் இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கேட்கிறேன். போனில் பேசலாமே என்பாய். உன் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உன் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் விமானம் ஏறும் உன் சின்ன மாமா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஹாவோர் சதுப்பில் மழை வெள்ளம் இறங்கிவிட்டது, உன் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, அண்ணன் குளத்தில் மீன் பிடித்து விற்றான். சேதி இவ்வளவுதான், மீதியெல்லாம் உன் கவலை. போன வாரம் மாமியார் வெளியே போயிருந்த நேரம் போனில் நீ சொன்னாயே, ஏழாம் மாதத்தில் படியேறினால் மூச்சு வாங்குகிறது, இரும்பு மாத்திரை தின்றும் ரத்தம் ஏறவில்லை, என்ன சாப்பிடுகிறாய் என்று அந்த மருத்துவச்சி துருவித் துருவிக் கேட்டும் நான் அனுப்பிய சிக்கர் மண்ணைத் தின்பதை மட்டும் சொல்லவில்லை என்று. நான் சிரித்தேன். நல்ல வேளை சொல்லவில்லை, வெள்ளைக்காரிக்கு நம் மண் பிஸ்கட் பற்றி என்ன தெரியும் என்று நானே சொன்னேன். அந்தச் சிரிப்புக்காக இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் உன் அண்ணி நர்கிஸ் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தபோது இதைச் சொன்னேன். கையில் இருந்த பையைக் கூட இறக்கவில்லை, "எவ்வளவும்மா அனுப்புனீங்க?" என்றாள். மூன்று கிலோ என்றேன். உமிப் புகையில் நன்றாகச் சுட்டது, வாசனையாக இருக்கும், குமட்டலை அடக்கும், வயிற்றில் உள்ள கெட்டதையெல்லாம் பிடித்து வெளியே தள்ளும் என்று பெருமையாக வேறு சொன்னேன். "பிடிக்குதுதான், ஆனா அது நல்லது கெட்டது பாத்தா பிடிக்கும்? அவ தின்ன இரும்பு மாத்திரையையும் சேத்துல்ல பிடிச்சுக்குது!" என்றாள். எனக்குக் கோபம். நான் தின்னவில்லையா, என் அம்மா தின்னவில்லையா, நீங்களெல்லாம் ஆகாயத்திலிருந்தா குதித்தீர்கள் என்று கத்தினேன். லண்டனில் டப்பா மண்ணைக் கரைத்துக் குடித்து உடம்பு நச்சை எடுக்கிறார்கள் என்று நீ சொன்னதையும் சொன்னேன். "நச்ச எடுக்கத்தான் ஈரலும் கிட்னியும் இருக்கே. மண்ணு எடுக்கும்னு யாரும் நிரூபிக்கல. டப்பாவுல போட்டு வித்தா மண்ணு மருந்தாயிடுமா? இதுல ஈயம் இருக்கலாம், ஆர்சனிக் இருக்கலாம். சுட்டா புழு சாகும், ஈயம் சாகுமா?" என்றாள்.

ஆர்சனிக் என்றதும் எனக்கு நம் தெருக் குழாய் நினைவுக்கு வந்தது. தண்ணீரில் அந்த விஷம் இருக்கிறதென்று அதற்குச் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போனார்களே, அதில் ஒரு கை தண்ணீர் குடித்தாய் என்று உன்னை முதுகில் அடித்தேனே. தண்ணீருக்கு அவ்வளவு பயந்தவள், அதே ஊர் மண்ணை வாங்கி, புடவைக்குள் சுற்றி உனக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கே போயிற்று என் புத்தி? உன்னைப் பெற்ற அன்று என் உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் கையை விரித்ததும், உன் அப்பா பள்ளிவாசலில் நின்று ரத்தம் கொடுக்க ஆள் பிடித்து வந்ததும் உனக்குத் தெரியும். அவருடைய பாசத்துக்காகத்தான் அந்தக் கதையைச் சொல்லுவேன். அந்த மாதங்களில் தினமும் ஒரு கை சிக்கர் தின்றேன் என்பதை நான் ஒரு நாளும் அதோடு சேர்த்துப் பார்த்ததில்லை. மண்தான் காரணம் என்று நர்கிஸும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் அவளால் முடியவில்லை.

ஆகையால் மகளே, இன்றோடு நிறுத்து. மிச்சத்தைக் குப்பையில் போடு, உன் மாமியாருக்கும் கொடுக்காதே. நாக்கு கேட்கும், எனக்குத் தெரியும், இதை எழுதும்போதே என் கை டப்பாவைத் தேடுகிறது. ரத்தம் குறைந்தால் மண் தின்னும் ஆசை வருமாம், மண் தின்றால் ரத்தம் இன்னும் குறையுமாம், இதென்ன கொடுமை பார். ஆசை வந்தால் வறுத்த கடலையை மெல்லு. அடுத்து வரச் சொன்ன தேதி வரை காத்திருக்காமல் அந்த மருத்துவச்சியிடம் போ. எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஒன்று விடாமல் சொல், ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

மண் தின்கிற பட்டிக்காட்டாள் என்று நினைப்பாளே என்று உனக்குக் கூச்சம். தெரியும். அப்படியானால் என்னைச் சொல். வங்கதேசத்து ஹபிகஞ்சில் எனக்கு ஒரு படிக்காத அம்மா இருக்கிறாள், அவள்தான் கட்டி அனுப்பி, தின்னு தின்னு என்றாள் என்று சொல். நான் எட்டாவது வரை படித்தவள்தான், பரவாயில்லை, படிக்காதவள் என்றே சொல். திட்டினால் என் பங்குக்கும் நீயே கேட்டுக்கொள்.

உனக்கும் மருமகனுக்கும் வயிற்றில் இருக்கும் என் செல்லத்துக்கும் ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன், அல்லாஹ் உங்களைத் தன் காவலில் வைக்கட்டும். மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே. மருத்துவச்சியிடம் சொன்ன அன்றே போன் செய். மாமியார் பக்கத்தில் இருந்தால் வேறொன்றும் பேச வேண்டாம், "சொல்லிட்டேம்மா" என்று மட்டும் சொல். அதைக் கேட்கிறவரை எனக்குச் சோறு இறங்காது.

உன் அம்மா,
ஹஸ்னாரா