அம்மா போதும் என்று சொன்ன நாள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். இந்த வரியை நீ தாண்டிப் படிப்பாய் என்று தெரியும். தாண்டிக்கொள். இதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போக என் கைக்குத்தான் பழக்கமில்லை.

நான் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடிக் குழாயின் கசிவை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தரைக்கு அம்மாவின் கைப்பேசியில் அலாரம் இன்னும் அடிக்கிறது. டயாலிசிஸுக்குக் கிளம்ப வைத்தது. நிறுத்தத் தெரியாமல் இல்லை. எழுந்து முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவளானால் அந்த நேரத்தில், "சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பலாமா?" என்பாள். டயாலிசிஸ் மையத்துக்கு அவள் வைத்த பெயர் அது. மருமகள் இன்னும் வரவில்லை, சம்பந்தி வீட்டுக்கு மட்டும் வாரம் மூன்று நாள் போக வேண்டியிருக்கிறது என்று அங்கிருந்த நர்ஸ்களிடமும் சொல்லிச் சிரிப்பாள். உன்னைக் குத்திக்காட்டத்தான்.

நீ அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். "என் கிளினிக்குக்கு வர்ற வயசான நாய் வலியில துடிச்சாகூட நான் பார்த்துட்டு நிக்க மாட்டேன்பா. அந்த இரக்கம்கூட உங்க கடவுளுக்கு இல்ல. அம்மா போதும்னு சொன்ன பிறகும் நாலு மாசம் அவர் பேரைச் சொல்லியே மெஷின்ல கட்டிப் போட்டீங்க. கூப்பிட்டீங்களே, பதில் வந்துச்சா? நினைவு ஆராதனைக்கு நான் வரலை. நீங்களும் உங்க கடவுளும் நல்லா இருங்க." இதுதான் நீ எழுதியது.

ஐந்து வாரமாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். கிழித்தவை மோசமில்லை. சபையின் வாலிபர் கூட்டத்தில் வாசித்தால் கைதட்டுவார்கள். அவற்றில் இரண்டு விஷயங்களை இன்றும் நம்புகிறேன், சொல்லிவிடுகிறேன்.

பதில் வந்ததா என்று கேட்டாய். நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமியை ஒரு வாரம் முழுக்க வருகைப் பதிவில் 'வரவில்லை' என்று குறித்தேன். அவள் தினமும் வந்தாள். திக்குவாய். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்பாள், 'உள்ளேன் ஐயா' வாயிலிருந்து வருவதற்குள் நான் அடுத்த பெயருக்குப் போயிருப்பேன். அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்து, "சார், பதிவேட்டை மட்டும் பாத்தா புள்ள எப்படித் தெரியும்? தலையைத் தூக்கிப் பாருங்க" என்றார். பதில் கேட்காததை வைத்து ஆளே இல்லை என்று குறிக்க எனக்கு அன்றிலிருந்து கை வருவதில்லை. இது நிரூபணம் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் நீ எழுதியதும் நிரூபணம் இல்லை, கண்ணா.

இன்னொன்று. கடவுள் இல்லாமலே மனிதன் நல்லவனாக இருக்கலாம் என்று முன்பு ஒருமுறை வாதாடினாய். இருக்கலாம். எங்கள் சபையின் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பலரைவிட உனக்கு இரக்கம் அதிகம். என் கேள்வி வேறு. உப்பும் தண்ணீரும் சேர்ந்து கலைகிற கதைதான் நாம் என்றால், அம்மாவின் ரத்தத்தில் உப்பு ஏறியதற்கு ஏன் 'அநியாயம்' என்று தொலைபேசியில் கத்தினாய்? அம்மாவுக்கு ஒரு மதிப்பு இருந்தது, அதை யாரோ மிதித்துவிட்டார்கள் என்றுதானே? அந்த மதிப்பை நீயோ நானோ அவளுக்குக் கொடுக்கவில்லை. யார் கொடுத்தது என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. உன்னிடம் கோபம் மட்டும் இருக்கிறது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

இனி எழுதப்போவதைத்தான் ஐந்து வாரமாக எழுத முடியவில்லை.

அம்மா போதும் என்று சொன்னது ஒரு வியாழக்கிழமை. தண்ணீர் அளவோடுதான் குடிக்கலாம் என்பதால், சாப்பாட்டு மேசையில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். அது கரையும்வரை காத்திருந்து, "போதும்ங்க. சம்பந்தி வீட்டுக்கு இனிமே போக வேணாம்" என்றாள். விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் உடனே, உயிரைக் கொடுத்தவர்தான் எடுக்க வேண்டும், நிறுத்த நாம் யார், நம் விசுவாசத்தில் அது கூடாது என்றேன். "சரி" என்றாள்.

அன்று சாயங்காலம் போதகர் வந்தார். அவரை வாசலில் நிறுத்தி, நான் சொன்னதற்கு ஆதரவு தேடித்தான் கேட்டேன். அவர் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. "சார், ஊசி போட்டு உயிரை எடுக்கறது வேற. தாங்க முடியாத வைத்தியத்தைப் போதும்னு விடறது வேற. இதுல பாவம் ஒண்ணும் இல்ல. அம்மாவை ஆண்டவர் கையில விட்டுட்டு நீங்க பக்கத்துல உட்காருங்க."

யோசிக்கிறேன் என்று சொல்லி அவரை உள்ளே விடாமலே அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அம்மா சொன்னதை வைத்து மறுநாள் நீ தொலைபேசியில் நிறுத்திவிடலாமே என்று கேட்டபோது உன்னிடமும் சொல்லவில்லை. நம் விசுவாசத்தில் கூடாது என்பதையே உனக்கும் சொன்னேன்.

எனக்குப் பயம், மகனே. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவள் துவண்டு படுத்திருப்பாள். படுத்தாவது இருப்பாள் அல்லவா? அடுத்த அறையில் இருமல் சத்தம் கேட்கும் அல்லவா? அதற்காகத்தான் நாலு மாதம். கடைசி வாரத்தில் அவளே, "உங்களுக்காகத்தான் போயிட்டு வர்றேன்" என்றாள். எனக்காக என்றாள், ஆண்டவருக்காக என்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

கேள்வித்தாளிலேயே பிழை இருந்தால், முயன்ற பிள்ளைகள் எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுப்போம். நீ போட்ட கணக்கில் தவறில்லை. கொடுத்த எண்தான் தப்பு, கொடுத்தவன் நான். ஒரு தாயை அப்படி வதைக்கச் சொல்லும் கடவுள் இருந்தால் அவரை விட்டு விலகுவதே சரி. அப்படி ஒருவர் சொல்லவே இல்லை. அவர் பெயரை நான் போட்டுக்கொண்டேன்.

இதைப் போதகரிடம் நேற்று சொல்லிவிட்டேன். அவர் கண்டித்திருந்தால் தேவலாம். தோளில் கை வைத்தார், அவ்வளவுதான். ஆராதனையன்று சபைக்கும் நானே எழுந்து சொல்லப்போகிறேன். ஆனால் உனக்குச் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கடவுளை வெறுத்தாலும் அப்பாவை ஒரு மூடநம்பிக்கைக்காரக் கிழவன் என்று மன்னித்திருப்பாய். இந்தக் கடிதத்துக்குப் பிறகு அதுவும் இருக்காது. தெரிந்துதான் அனுப்புகிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஆண்டவர்மேல் வைத்திருக்கும் கோபத்தை என்மேல் திருப்பிவிடு, அது போதும். நேரில் வந்து திட்டினால் இன்னும் நல்லது. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் திட்டு. இந்த வீட்டில் சத்தம் கேட்டு நாளாகிறது. வருகிற தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னால் அதுவரை என்னால் தூங்க முடியாது.

ஆண்டவர் உன்னையும், உன் கையில் வந்து சேரும் வாயில்லா ஜீவன்களையும் காப்பாராக. நீ நம்பவில்லை என்பதற்காக அவர் அந்த வேலையை விட்டுவிட மாட்டார்.

உன் அப்பா