கவிதாவின் பச்சைப் புள்ளி

புதன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னும் மழை.

யார் படிப்பை விடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே காட்ட நான் எழுதிய கணினி ப்ரோகிராமில் கவிதா பச்சைப் புள்ளி; விடப்போகிறவர்கள்தான் சிவப்பு. ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. பாராட்டலாமென்று இன்று போன் செய்தேன்.

"மிஸ், நான் ரவாங்ல பேக்டரி வேலைக்குப் போறேன். காலேஜுக்கு வந்தே ரொம்ப நாளாச்சே."

வகுப்பில் விசாரித்தேன். அவளுக்கும் சேர்த்து வருகையை ஸ்கேன் செய்வது தோழி ஷாலினி. "வருகை குறைஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாங்க மிஸ். அவ திரும்பி வந்தா?"

வந்த கோபத்தில் மறுபடியும் கவிதாவைக் கூப்பிட்டு ஷாலினி செய்வதைச் சொன்னேன்.

"எனக்கு இன்னும் இடம் வச்சிருக்காளா மிஸ்?"

கண்ணை மூடினால் பச்சைப் புள்ளிகள் மின்மினிகளாய் மிதக்கின்றன. நாளை அவளுடையதைச் சிவப்பாக்க வேண்டும். திங்கட்கிழமை வரை பொறுத்தால் என்ன? அன்று வகுப்புக்கு வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறாள் கவிதா.