அப்பா ஏன் மூன்றடி தள்ளி நிற்கிறார்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். கம்ப்யூட்டரும் மூன்று நாளாக நலம். நீயும் நலமாக இருப்பாய், ஆனால் உன் லேப்டாப் நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாளைக் காலை அம்மா உனக்குப் பார்சல் அனுப்புகிறாள், அதில் அவள் கடிதம் தனியாக இருக்கும். இது யாருக்கும் தெரியாமல் நான் எழுதுவது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் வாளிதான் காரணம். இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள், ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதி பயத்தில், பாதி நான் கண்டுபிடித்த விஷயத்தில். போன வாரம் கம்ப்யூட்டரில் வீடியோவில் பேசும்போது நீ அப்பாவைப் பார்த்து, "ஏம்ப்பா கிளாஸுக்கு வெளிய நிக்க வெச்ச மாதிரி அங்கேயே நிக்கிறீங்க, உக்காருங்க"ன்னு கேட்டாய் இல்லையா? பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததால் நிற்கிறார் என்று அம்மா சமாளித்தாள். அது பொய். கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்தது அவரால்தான் என்று பழி விழுந்ததால் அவர் அதன் பக்கத்திலேயே வருவதில்லை. மூன்றடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுதான் உன்னோடு பேசினார்.

முதலிலிருந்து சொல்கிறேன், கோபப்படாதே. உன் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய வாழ்த்து அட்டையில் வளைந்து வளைந்து ஓர் எழுத்து இருந்ததே, "எங்கடி புடிச்ச இந்த ஃபாண்ட, எனக்கும் அனுப்பு"ன்னு நீ கேட்டாயே, அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பள்ளி ஆண்டு மலருக்கு அட்டை வரையும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அம்மா வீட்டிலிருந்தே அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்கள் அமைக்கும் ஃபாண்டெல்லாம் பாடப் புத்தகம் மாதிரி விறைப்பாக நிற்கும். அதனால் நான் எங்கேயோ தேடி ஐந்நூறு ஃபாண்ட் இலவசம் என்று போட்டிருந்த ஒரு மூட்டையை இறக்கினேன். ஒவ்வொரு பெட்டியாக வந்து என்னவோ கேட்டது, நான் எதையும் படிக்காமல் சரி சரி என்று தட்டினேன். அதே மூட்டையைத்தான் உனக்கும் அனுப்பினேன். மறுநாளே பிரௌசரின் மூலையில் பச்சை இலை போல ஒரு சின்னப் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. எதைத் தேடினாலும் செருப்புக் கடை, தலைமுடி எண்ணெய். நடுவில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று கத்தும். அதுகூடப் பரவாயில்லை, அம்மா பெயரில் அச்சகத்துக்கு என்னென்னவோ கோப்புகள் தானாகப் போயிருக்கின்றன. அச்சகத்துக்காரர் இரண்டு தடவை பொறுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை போன் செய்து, "இன்னொருவாட்டி இப்படி வந்துச்சுன்னா தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, நான் வேற ஆளைத்தான் பாக்கணும்"னு சொல்லிவிட்டார்.

அப்பா ராத்திரி சாப்பிட்டதும் பஸ் எஞ்சினைப் பிரித்து மாட்டும் வீடியோ பார்ப்பார், உனக்குத்தான் தெரியுமே. அம்மா நேராக அவர்மேல் பாய்ந்தாள். "நாள் பூரா பஸ் ஓட்டுறது பத்தாதா, வீட்டுக்கு வந்தும் அதே கண்றாவியப் பாக்கணுமா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தானா"ன்னு கேட்டாள். அப்பா, "நான் பாத்தேன், அவ்ளோதானே, எதையும் தொடலையே"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான்தான் என்று வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. பிறகு எதற்கெடுத்தாலும் பார்மட் பண்ணச் சொல்வாரே, அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கார மாமா, அவர் வந்து எடுத்துப் போய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். "மொத்தமா வழிச்செடுத்துட்டேன், இனி வந்துச்சுன்னா என் பேர மாத்திக்கிறேன்"னார். அன்று சாயங்காலமே பச்சை இலை திரும்பி வந்துவிட்டது. மாமா தன் பெயரை மாற்றவில்லை, பழியைத்தான் மாற்றினார். "மெஷின்ல ஒண்ணுமில்ல, வீட்ல யாரோதான் மறுபடி மறுபடி எதையோ அமுக்குறாங்க"ன்னு அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்துதான் அந்த மூன்றடி.

இனிமேல்தான் நீ சந்தோஷப்பட வேண்டிய இடம். அக்கா, நானே கண்டுபிடித்தேன்! அம்மா புரூஃப் கொடுக்கப் போன நேரமெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். இலையை எடுத்து, லாகவுட் செய்து, நெட்டையும் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓட்டினேன், இலை இல்லை. நெட்டை மாட்டினேன், பிரௌசரைத் திறந்தேன், அப்போதும் இல்லை. கடைசியாக லாகின் செய்துவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினொன்று எண்ணுவதற்குள் மூலையில் இலை முளைத்தது! நான் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தேன். அப்போதுதான் உள்ளே வந்த அம்மா, "என்னடி ஆட்டம்"ன்னு கேட்க, கரப்பான் பூச்சி என்று சொல்லித் தப்பித்தேன். பாவம், அரை மணி நேரம் துடைப்பத்தோடு தேடினாள். விஷயம் இதுதான். அந்த லாகின் உன்னுடையது. நீ காலேஜ் படிக்கும்போது தொடங்கியதையே இன்னும் வீடே பயன்படுத்துகிறது. நம் மெஷினை எத்தனை தடவை கழுவினாலும், உன் லேப்டாப்பில் அந்த மூட்டை இருக்கிறது, அது இலையை உன் கணக்கில் கொண்டுபோய் வைக்கிறது, கணக்கு அதை இங்கே இறக்கிவிடுகிறது. "என் லேப்டாப் தானா கடை கடையாத் திறக்குது"ன்னு நீ சொன்னபோது, சம்பளம் வந்ததும் கை அரிக்குதா என்று அம்மா கிண்டல் செய்தாளே, எனக்கு மட்டும் இப்போது சிரிப்பு வரவில்லை. உன் ஆபீசுக்கும் அது உன் பெயரில் எதையாவது அனுப்புவதற்குள் நிறுத்த வேண்டும். பார்சல் வரும்வரை லேப்டாப்பைத் திறக்காதே என்று போனில் சொன்னேன், நீ சிரித்தாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. விளையாட்டில்லை அக்கா.

அதனால் நீ செய்ய வேண்டியது. முதலில் நெட்டைத் துண்டித்துவிடு. புரோகிராம் பட்டியலைத் தேதி வரிசையில் வைத்துப் பார், உன் பிறந்தநாளுக்கு மறுநாள் தேதியில் அதே பச்சை இலையோடு ஒன்று இருக்கும், பெயர் மட்டும் ஏதோ பெரிய மனுஷன் மாதிரி அப்டேட் என்று வைத்திருக்கும், நம்பாதே, அதை எடுத்துவிடு. பிரௌசரிலிருந்தும் இலையை எடு. பிறகு வேறொருவருடைய சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து உன் கணக்கைத் திறந்து, அதில் சேர்ந்திருப்பதையெல்லாம் அழித்து, எல்லா இடத்திலிருந்தும் லாகவுட் செய்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்று. இந்த வரிசை தப்பினால் அது திரும்ப வந்துவிடும். தயவுசெய்து நம் பழைய வீட்டு எண்ணையே மறுபடியும் பாஸ்வேர்டாக வைக்காதே, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக்கூட அது தெரியும். இங்கே உன் கணக்கை எடுத்துவிட்டு அம்மாவுக்குப் புதிதாக ஒன்று தொடங்கிக் கொடுத்துவிட்டேன், பழையது நிரம்பிவிட்டது என்று ஒரு பொய் சொல்லி. மூன்று நாளாக இலை எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் இன்று சாயங்காலம் நடந்ததைக் கேள். அச்சகத்துக்காரர் போன் செய்து பக்கமெல்லாம் சுத்தமாக வந்திருக்கிறது, அடுத்த புத்தகமும் உங்களுக்கே என்றார். அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நானும் துள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா அப்பாவிடம், "பாத்தீங்களா, நீங்க கை வெக்காததுனால எவ்ளோ சுத்தமா இருக்கு"ன்னு சொன்னாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பாவும் சிரித்தார். "ஆமா, நாந்தான் போல, அந்த எஞ்சின் வீடியோல இருந்துதான் வந்திருக்கும்"ன்னார். அவரே நம்பிவிட்டார் அக்கா. நான் சரி செய்ததே அவர்மேல் பழியாகப் போய் முடிந்துவிட்டது. பிறகு என்னிடம் தனியாக வந்து, "ஞாயித்துக்கிழமை அக்கா பேசும்போது நான் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன், அவளுக்குக் கேக்கும்ல"ன்னு கேட்டார். நான் கேக்கும்ப்பா என்றுதான் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு வைத்திருக்கும் நீலக் காலுறைக்குள் சுருட்டி வைப்பதாகத்தான் இருந்தேன். நீ அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வாய், நான் தப்பித்துவிடலாம் என்று. இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. இது உன் கைக்கு வருவதற்குள் இரண்டு ஞாயிறு போய்விடும், இரண்டு ஞாயிறும் அப்பா நின்றுகொண்டிருப்பார். அம்மா பார்சலை ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பட்டியலோடு சரிபார்ப்பாள். அதனால் இதைக் காலுறைக்குள் வைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் மேலே, மடிக்காமல் வைக்கப் போகிறேன். அடி விழுந்தால் நீ இல்லையே தடுக்க என்று நினைத்துக்கொள்வேன்.

உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வயதில்லை, அதை அம்மாவும் அப்பாவும் அவர்கள் கடிதத்தில் செய்திருப்பார்கள், அதில் கொஞ்சம் எனக்கும் பங்கு அனுப்பு. வரிசையை மறக்காதே, பாஸ்வேர்டு கடைசியில். அம்மாவைத்தான் தெரியுமே, மருந்துச் சீட்டைக்கூட சிவப்புப் பேனா இல்லாமல் படிக்க மாட்டாள். இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது என் சந்திப் பிழையெல்லாம் சிவப்பில் சுழித்திருந்தால் ஒன்றும் பயப்படாதே. அம்மா படித்துவிட்டாள், அப்பா உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

என்றும் உன் தங்கை,
வாலு